கோப்பிக்கு ஒரு கையெழுத்து

டத்தோ கிராமாட், பினாங்கு
4.2.2024

அன்புள்ள அத்தானுக்கு,

பிரியந்தி எழுதுகிறேன். நான் நலம். கோப்பியும் நலம், அளவுக்கு மீறிய நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாய் மெல்லிசாக இருக்கிறது என்று டிசம்பரில் பார்க்க வந்தபோது சொன்னீர்கள். இன்னொரு பாய் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். கார் நிறுத்தும் இடத்துக்காக ஒரு மனுஷனை ஹெல்மெட்டால் அடிக்கக் கை வந்தது, ஜெயிலுக்குள் ஒரு பாய் கேட்க வாய் வரவில்லை. கோபப்படாதீர்கள். எட்டு மாதமாக அடக்கி வைத்திருந்தது, இன்றைக்கு வந்துவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கோப்பி மறுபடியும் பருவத்துக்கு வந்திருக்கிறாள். கேட்டுக்கு வெளியே ஏழு ஆண் நாய்கள். ராத்திரி பகல் கிடையாது. பெருமாள் கோயில் அன்னதான வரிசைகூட இவ்வளவு பொறுமையாக நிற்காது. வீட்டுக்காரர் ஆ சேங் வந்து, “இந்தத் தடவை குட்டி கிட்டின்னு ஆச்சு, நானே மாநகராட்சிக்கு ஃபோன் அடிச்சிடுவேன்லா” என்று கேட்டை ஆட்டிவிட்டுப் போனார்.

ஆபரேஷன் செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். பர்மா ரோட்டுப் பக்கம் கிளினிக்கில் டாக்டர் அமீரா என்று ஒருவர். கோப்பியின் எடைக்கு நானூற்று எண்பது வெள்ளி என்றார். நாய்களைப் பார்த்துக்கொள்ளும் சங்கம் ஒன்று சீட்டு கொடுக்கிறது, அதோடு போனால் நூற்றைம்பதுதான். ஆனால் நாயின் லைசன்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டுமாம். லைசன்ஸ் உங்கள் பெயரில். படிவம் இதோடு இருக்கிறது. பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். சீட்டு ஆகஸ்ட் கடைசி வரை செல்லும்.

மாதம் ஒரு ஃபோன் கொடுக்கிறார்கள், அதில் மாமியிடமே பேசுங்கள். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கண் தெரியவில்லை, சுங்கை பாக்காப்பில் தனியாக இருக்கிறார். எனக்குக் கடிதம் போதும். எனக்கு ஒன்றும் இல்லை, கொஞ்சம் களைப்பு. அரசாங்கக் கிளினிக்கில் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியந்தி


ஜொகூர்
3.3.2024

அன்பு பிரியா,

ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே சுகம். அங்கே நீயும் கோப்பியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். பாய் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். உன் வாய்க்குப் பயந்து கேட்டேன் என்று எழுதிக்கொள்.

உன் கடிதம் நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. எல்லாக் கடிதத்தையும் முதலில் அதிகாரிகள் படிப்பார்கள். தமிழ் படிக்கத் தெரிந்தவர் இந்தப் பகுதியில் ஒருவர்தான், சின்னையா சார். அவர் லீவில் போனால், வேறு வேலைக்குப் போனால், தமிழ்க் கடிதமெல்லாம் பெட்டியில் கிடக்கும். நாங்கள் எழுதுவதும் அப்படித்தான். மலாயில் எழுதினால் மூன்று நாளில் போகும், வரும். ஆனாலும் வேண்டாம். இந்தப் பத்து வருஷத்தில் நாம் இரண்டு பேரும் மலாயில் பேசிக்கொண்டது கல்யாணப் பதிவு ஆபீஸில் மட்டும்தான்.

படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. கோபித்துக்கொள்ளாதே. அம்மாவிடம் ஃபோனில் கேட்டேன். “வீட்ல ஒரு பொண்ணு பிள்ளைக்குக் காத்துக்கிட்டு இருக்கா, அந்த வீட்ல ஒரு பொண் பிறவியோட கர்ப்பப்பையை அறுக்கிறதா?” என்று அழவே ஆரம்பித்துவிட்டார். அம்மா சொன்னதற்காக மட்டும் இல்லை. எனக்கும் மனசு வரவில்லை. நமக்கு இரண்டு தடவை கையைவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த வருஷம் மே மாதம் நான் வெளியே வந்ததும் மறுபடி டாக்டரைப் பார்க்கப்போகிறோம். உனக்கு நாற்பதுதான் ஆகியிருக்கும். இந்த நேரத்தில் இந்தப் பாவத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டுமா?

பாலிக் புலாவில் டுரியான் கடைப் பலகைக்கு அடியிலிருந்து அவளை எடுத்து வந்தோமே, கண்கூடத் திறக்காமல். ஒரு ஈத்தாவது குட்டி போட்டுப் பார்க்கட்டும். அவளும் ஒரு உயிர்தானே.

கொஞ்ச நாள் கேட்டைப் பூட்டியே வை. மாத்திரையை மறக்காமல் சாப்பிடு.

உன்
தயாளன்


டத்தோ கிராமாட்
20.3.2024

அத்தானுக்கு,

நலம், நலமே நாடுவது. உங்கள் கடிதம் முந்தாநாள் வந்தது.

ஒரு ஈத்து என்கிறீர்கள். ஆறு குட்டி போட்டால் ஆறையும் யார் தலையில் கட்டுவது? மாமி இரண்டு எடுத்துக்கொள்வாரா? பிறந்த குட்டிகளை ரொட்டி அட்டைப்பெட்டியில் போட்டு பாசார் பின்னால் வைத்துவிட்டுப் போகிறார்களே, அதில் பாவம் யாருக்குப் போகிறது என்று அடுத்த ஃபோனில் கேட்டுச் சொல்லுங்கள்.

கோப்பியை மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். தப்பினாள். ஜூலை கடைசியில் மறுபடி வரும். டாக்டர் அமீரா இன்னொன்றும் சொன்னார். வயது ஆறு முடிந்த பெண் நாய்க்கு, பருவம் முடிந்து சில வாரத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கலாமாம். பிடித்தால் ஆளைச் சாப்பிட்டுவிடுமாம். எல்லா நாய்க்கும் வராது, வந்தால் நாள் கொடுக்காது என்றார். கையுறை போட்டுக்கொண்டு கோப்பியின் வயிற்றைத் தடவித் தடவி, குழந்தைக்குச் சொல்வது போல அவளிடமே எல்லாவற்றையும் மலாயில் சொன்னார். உங்கள் செல்ல மகளும் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டினாள்.

மைலோ டின்னில் முந்நூற்றுப் பத்து வெள்ளி சேர்ந்திருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் போனால் முழுப் பணம் கட்டியே செய்துவிடலாம், உங்கள் கையெழுத்து தேவைப்படாது. ஆனால் உங்களுக்குத் தெரியாமல் உங்கள் நாயைக் கத்திக்குக் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை. நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பதற்காக இந்த வீட்டில் உங்கள் பேச்சு செல்லாது என்று ஆகிவிடக்கூடாது. அதனால்தான் கேட்கிறேன். போட்டு அனுப்புங்கள்.

ஆபீஸில் போன வாரம் ஒரு நாள் தலைசுற்றி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். வெயில்தான். பக்கத்து வீட்டு ஜெயலெட்சுமி அக்கா, “என்னா பிரியா, மூஞ்சி வெள்ளையா போயிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போயேன்லா” என்று தினமும் விரட்டுகிறார். அவருக்கு யாரையாவது விரட்டவேண்டும்.

பிரியந்தி


ஜொகூர்
14.4.2024

அன்பு பிரியா,

சித்திரை வாழ்த்து. சுகமா? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. கையெழுத்துப் போடவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாயா, இல்லை சின்னையா சார் பெட்டியில் கிடக்கிறதா, தெரியவில்லை.

என்னை ரொட்டிப் பட்டறையில் போட்டிருக்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு மாவு பிசையவேண்டும். என்கூட இமான் என்று கிளந்தான் பையன். பன் செய்வதில் கெட்டிக்காரன். என்னுடைய பன் எல்லாம் கல்லு மாதிரி வருகிறது. வெளியே வந்ததும் உனக்குச் செய்து தருகிறேன், பல்லைப் பத்திரமாக வைத்திரு.

மாவு பிசையும்போது கணக்குப் போடுகிறேன். மே மாதம் வந்துவிட்டால், ஜூனில் டாக்டர். எல்லாம் கூடி வந்தால் அதற்கடுத்த சித்திரைக்கு நாம் மூன்று பேர். அம்மாவும் தினம் விளக்கேற்றிக் கும்பிடுகிறார். இந்த நினைப்பு இல்லாவிட்டால் இங்கே நாள் நகராது, பிரியா. உண்மையாகத்தான் சொல்கிறேன்.

இரண்டு வரியாவது எழுது.

தயாளன்


டத்தோ கிராமாட்
12.5.2024

அத்தானுக்கு,

நான் நலம். உங்கள் சித்திரைக் கடிதம் வந்தது. அதைப் படித்துவிட்டு எழுத உட்கார்ந்து, இரண்டு தடவை எழுந்து போய்விட்டேன்.

மார்ச்சில் எழுதிய கடிதம் இன்னும் உங்களுக்கு வரவில்லை என்று தெரிகிறது. அதில் விவரமாக எழுதியிருந்தேன், மறுபடி எழுதத் தெம்பு இல்லை. சுருக்கம் இதுதான். கோப்பிக்கு ஜூலைக்குள் ஆபரேஷன் செய்யவேண்டும். செய்யாவிட்டால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்க வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொல்கிறார். முழுப் பணம் கட்டிச் செய்யலாம் என்று டின்னில் சேர்த்ததை எடுக்க வேண்டியதாகிவிட்டது. வேறு செலவு வந்துவிட்டது. இனி அந்தச் சீட்டுதான் வழி, அதற்கு உங்கள் கையெழுத்துதான் வழி.

இந்தக் கல்யாணத்தில் உங்களிடம் நான் அதிகமாக ஒன்றும் கேட்டதில்லை. இதைக் கேட்கிறேன்.

கோப்பி உங்கள் செருப்பின் மேல் தலைவைத்துப் படுத்திருக்கிறாள்.

பிரியந்தி


ஜொகூர்
9.6.2024

அன்பு பிரியா,

நலமா? சின்னையா சார் ஆறு வாரம் பயிற்சிக்குப் போயிருந்தாராம். உன் மார்ச் கடிதமும் மே கடிதமும் ஒன்றாகக் கைக்கு வந்தன. ஒன்றில் உன் கேலி, இன்னொன்றில் ஒன்றுமே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பயமாக இருக்கிறது.

வேறு செலவு என்று எழுதியிருக்கிறாய். என்ன செலவு? ஆ சேங் வாடகையை ஏற்றிவிட்டாரா? அம்மா ஃபோனில், “பிரியந்தி கோயிலுக்கு வந்தா, ஆளே பாதியாயிட்டா” என்றார். உடம்புக்கு என்ன? மறைக்காமல் எழுது.

படிவத்தை வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நான் அடித்த அந்த ஆளுக்குப் பார்வை போன கண், கோர்ட்டில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. தண்டனை சொன்னபோது அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நினைத்தேன், நமக்குப் பிள்ளை நிற்காததற்கும் என் கைதான் காரணம், எனக்கு எப்போதும் கை நீளும் என்று ஆண்டவனுக்கு முன்பே தெரியும் என்று. இனிமேல் எந்த உடம்பின் மேலும் என்னால் கத்தி படக்கூடாது, கம்பு படக்கூடாது என்று முருகனிடம் சொல்லியிருக்கிறேன். கையெழுத்துப் போட்டால் அது நானே அறுப்பது மாதிரி இருக்கிறது. முட்டாள்தனம்தான். ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

அடுத்த முறை அம்மாவிடம் பேசிவிட்டு முடிவு செய்கிறேன். கொஞ்சம் பொறு.

தயாளன்


ஜொகூர்
21.7.2024

அன்பு பிரியா,

சுகம்தானே? உன் பதிலுக்குக் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இதோடு இருக்கிறது. அம்மாவிடம் கேட்கவில்லை. மாவு பிசையும்போது இமானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் மதப்படி நாயைத் தொடாதவன். கேட்டுவிட்டு, “அபாங், நாய் அங்க, பேனா இங்க. தினமும் கஷ்டப்படறது யாரு?” என்றான். நாள் முழுக்க நீ அவளோடு இருக்கிறாய். அவளுக்கு ஒன்று என்றால் ராத்திரி எழுந்து பார்ப்பவள் நீ. நான் இங்கே உட்கார்ந்து பாவ புண்ணியம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னை மன்னித்துக்கொள். செய்துவிடு.

மலாயில் எழுதியிருந்தால் இந்த வாரமே உனக்குக் கிடைத்திருக்கும் என்று தெரியும். எழுதப் பார்த்தேன். பெண் நாய், கர்ப்பப்பை, பருவம் என்றெல்லாம் மலாயில் எழுதி அந்த மேசைக்கு அனுப்பவும், அவர்கள் படித்துவிட்டு ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்கவும் வெட்கமாக இருந்தது. நம் வீட்டுப் பெண் விஷயம் போல இருந்தது. சின்னையா சார் படித்தால் பரவாயில்லை, அவர் நம்ம ஆள். பயிற்சி முடிந்து வந்துவிட்டார், சீக்கிரம் பார்த்துவிடுவார். சீட்டுக்கு ஆகஸ்ட் கடைசி வரை நாள் இருக்கிறதே.

ஆபரேஷன் முடிந்து அவள் எழுந்தால் என் பெயர் சொல்லி ஒரு தட்டு தட்டிக்கொடு.

உன்
தயாளன்


டத்தோ கிராமாட்
22.9.2024

அத்தானுக்கு,

உங்கள் ஜூலைக் கடிதமும் படிவமும் நேற்று வந்தன. கோப்பி போய் ஒன்பது நாள் ஆகிறது.

என்ன நடந்தது என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். ஜூலைக் கடைசியில் பருவம் வந்தது, போனது. செப்டம்பர் ஆரம்பத்தில் தண்ணீர் அதிகமாகக் குடித்தாள். வெக்கை என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டைத் திருப்பினாள். இரண்டு நாள் அவளை நான் சரியாகக் கவனிக்கவில்லை, அந்த இரண்டு நாளும் நானே படுத்திருந்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் நிற்க முடியவில்லை. ஜெயலெட்சுமி அக்காவும் நானும் துணியில் தூக்கி அவர் கெரெத்தாவின் பின் இருக்கையில் போட்டுக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் அமீரா தொட்டுப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அன்றைக்கே வயிற்றைத் திறந்தார். அக்கா தான் மாதச் சீட்டுப் போட்டுச் சேர்த்த காசை எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் திணித்தார். நானூற்று எண்பதில் முடிந்திருக்க வேண்டியது இரண்டாயிரத்து முந்நூறில் போய் நின்றது. அதை எழுதக் காரணம் காசு இல்லை. அவ்வளவு கொடுத்தும் நேரத்தை வாங்க முடியவில்லை என்று சொல்லத்தான். சீழ் இரத்தத்தில் கலந்துவிட்டது, சிறுநீரகம் நின்றுவிட்டது. மறுநாள் மத்தியானம் என் கையை ஒரு தடவை நக்கினாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

புதைக்க நமக்கு ஏது நிலம்? டாக்டரே எரிக்க ஏற்பாடு செய்தார். “இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாம்” என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

உங்களை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் பங்கும் இருக்கிறது. அதை இப்போது எழுத முடியவில்லை.

சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரியந்தி


ஜொகூர்
13.10.2024

பிரியா,

ஆகஸ்ட் முழுக்கச் சின்னையா சாரை வேறு வேலைக்குப் போட்டிருந்தார்களாம், என் படிவம் அதில்தான் கிடந்துவிட்டது. உன் கடிதத்தை இந்தத் தடவை இரண்டு வாரத்தில் கொடுத்துவிட்டார். கொடுக்கும்போது, “நாய் வளர்த்தா இதுதான் தம்பி” என்றார். கழிவறைக்குப் போய் அழுதேன். அங்கேதான் தனியாக இருக்க முடியும்.

நான்தான் கொன்றேன். பிப்ரவரியிலேயே ஒரு கிறுக்கல் போட்டிருந்தால் அவள் இருந்திருப்பாள். ஜூலையிலாவது மலாயில் நாலு வரி எழுதியிருந்தால் இருந்திருப்பாள். யார் சிரித்தால் எனக்கென்ன? உள்ளே இருப்பவனுக்கு என்ன மானம்? உன் பங்கு என்று எழுதியிருக்கிறாய், உனக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். “போனது போகட்டும்ப்பா, உங்க ரெண்டு பேருக்கும் வரவேண்டியதை அது வாங்கிக்கிட்டுப் போயிடுச்சி” என்றார். அம்மா சொல்வதில் எனக்கு இப்போது முன்னைப்போல நம்பிக்கை இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பத் தோன்றுகிறது, பிரியா. நம்பவிடு. வீடு உனக்கு வெறிச்சென்று இருக்கும். அடுத்த வருஷம் இந்த நேரத்துக்கு அப்படி இருக்காது. தொட்டில் கட்டக் கூடத்தில் கொக்கி இருக்கிறது, பார்த்திருக்கிறாயா? அந்த வீட்டை எடுத்தபோதே நான் பார்த்து வைத்தேன்.

தீபாவளிக்கு வருவாய்தானே? போன வருஷம் மாதிரியே இந்த வருஷமும் முறுக்கை உள்ளே விடமாட்டார்கள். நீ வந்தால் போதும்.

தயாளன்


டத்தோ கிராமாட்
3.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

தீபாவளிக்கு வர முடியவில்லை. பஸ்ஸில் பத்து மணி நேரம் உட்கார எனக்கு இன்னும் முடியாது. ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். சின்னையா சார் முதலில் படிப்பார் என்று தெரியும். படிக்கட்டும்.

போன வருஷக் கடைசியிலிருந்தே எனக்கு இரத்தப்போக்கு. மாதத்தில் பாதி நாள். களைப்பு என்றும் வெயில் என்றும் உங்களுக்கு எழுதியது அதுதான். ஏப்ரலில் தனியார் கிளினிக்கில் ஸ்கேன் எடுத்தேன். மைலோ டின்னில் இருந்த கோப்பியின் காசு அதற்குத்தான் போனது. என் பங்கு என்று எழுதினேனே, அதுதான். என் வயிற்றைப் பார்க்க எடுத்த காசு அவள் வயிற்றுக்கு இல்லாமல் போய்விட்டது. செப்டம்பரில் நான் படுத்திருந்த இரண்டு நாளும் இதனால்தான்.

ஸ்கேனில் கட்டிகள் தெரிந்தன, பெரியது ஒன்று எலுமிச்சம்பழம் அளவு என்றார்கள். செப்டம்பரில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ஆரஞ்சு அளவு. ஏன் இவர்களுக்கு எல்லாமே பழமாகத் தெரிகிறதோ. கர்ப்பப்பையை எடுப்பதுதான் வழி, இரத்தம் இப்படியே போனால் ஆபத்து என்றார்கள். அக்டோபர் ஒன்பதாம் தேதி கொடுத்தார்கள்.

உங்களுக்கு எழுதிக் கேட்கலாம் என்று காகிதம் எடுத்தேன். அத்தானுக்கு என்று எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கடிதம் பெட்டியில் கிடக்கும், நீங்கள் மாமியிடம் கேட்பீர்கள், மாமி அழுவார், நீங்கள் கொஞ்சம் பொறு என்று எழுதுவீர்கள். அதுவும் எனக்குக் கிடைக்க ஒரு மாதம் ஆகும். கோப்பிக்கு நான் காத்திருந்தேன். எனக்குக் காத்திருக்கவில்லை.

ஜெயலெட்சுமி அக்கா மகள் பிரசவத்துக்கு ஈப்போ போயிருந்தார், அதனால் டாக்சி எடுத்துப் போனேன். படிவத்தைக் கொடுத்துவிட்டு நர்ஸ், “கணவரிடம் பேசிவிட்டீர்களா?” என்று கேட்டாள். பேசிவிட்டேன் என்று பொய் சொன்னேன். என் பெயரை நானே எழுதினேன். ஒரு நிமிஷத்தில் முடித்துப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். அதற்காக எனக்கு வருத்தமில்லை என்று நினைக்காதீர்கள். கொக்கியைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதம், தையல் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்த அன்றைக்கு வாசலில் கிடந்தது. அந்தக் கொக்கியை நானும் பார்த்து வைத்திருந்தேன். வீட்டை எடுத்த முதல் நாளே.

நமக்குக் குழந்தை பிறக்காது. இதை இன்னொரு மாதிரி எழுத எனக்குத் தெரியவில்லை.

மாமியிடம் நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லவா? எனக்கு அவரைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. உங்களைப் பார்க்கவும்தான்.

பிரியந்தி


ஜொகூர்
15.12.2024

அன்பு பிரியா,

இன்றைக்கு நலமா என்று கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன், நலமா?

வெள்ளிக்கிழமை சின்னையா சார் என்னை அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இங்கே யாரும் எங்களை உட்காரச் சொல்வதில்லை. அம்மாவுக்குத்தான் ஏதோ என்று நினைத்தேன். ஒரு கோப்பைத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்து, உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாலு வாரமாக அவர் மேசையில் இருந்ததாம். எப்படிக் கொடுப்பது என்று தெரியவில்லை என்றார்.

பொய் சொல்லமாட்டேன். முதலில் கோபம்தான் வந்தது. என்னைக் கேட்காமல், என்று ஒரு நாள் முழுக்க மாவை அடித்துப் பிசைந்தேன். இமான்கூடப் பக்கத்தில் வரவில்லை. மறுநாள் யோசித்துப் பார்த்தேன், கேட்டிருந்தால் நான் என்ன பதில் எழுதியிருப்பேன் என்று. நீ எழுதியிருந்தாயே, அதே பதில்தான். வரிக்கு வரி அதேதான். கொஞ்சம் பொறு என்றுதான் எழுதியிருப்பேன். அது தெரிந்த பிறகு கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பெயர் தெரியவில்லை. குழந்தை இல்லை என்பது எனக்கு இன்னும் உள்ளே இறங்கவில்லை. இறங்கும்போது எப்படி இருப்பேன் என்று இப்போது வாக்குக் கொடுக்க முடியாது. மே மாதம் வருவேன். வந்து எந்த முகத்தோடு கேட்டைத் திறப்பேன் என்று தெரியவில்லை. அம்மாவிடம் நான் சொல்கிறேன், நீ போகாதே.

உன் கடிதத்தை ஐந்து தடவை படித்தேன். எலுமிச்சம்பழம், ஆரஞ்சு எல்லாம் எழுதியிருக்கிறாய். டாக்சியில் போனதை எழுதியிருக்கிறாய். நர்ஸ் கேட்டதையும் நீ சொன்னதையும் எழுதியிருக்கிறாய். மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது கட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று எழுதவில்லை. எங்காவது விட்டுவிட்டேனோ என்று மறுபடி மறுபடி தேடினேன். அந்த வரி இல்லை.

யார் இருந்தார்கள், பிரியா?

தயாளன்